‘ஒரிஜினல் பார்ட் கிடைத்துவிட்டது’ என்று சொல்லி, விரிசல் விட்ட பாகத்தையே ஒட்டிக் கொடுத்தார்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகும் பாகம் இப்போது தயாரிப்பிலேயே இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்கள், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கிடைக்காத பாகம் கிடைத்துவிட்டதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கிக்கொண்டவர்கள், விரிசல் விட்ட அதே பாகத்தைப் பசை வைத்து ஒட்டி, ஒழுகல் வெளியே தெரியாமலிருக்க வேறு மூன்று வேலைகளையும் என்னிடம் சொல்லாமலே செய்திருந்தார்கள். பாகத்தை ஒட்டியதைவிட அந்த மூன்று வேலைகளே இன்ஜினுக்குப் பெரிய ஆபத்து.

ஒழுகியது, இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் பிளாஸ்டிக் அவுட்லெட், அதாவது கூலன்ட் வெளியேறும் வாய். ரேடியேட்டருக்குப் போகும் பெரிய ஹோஸும் ஹீட்டருக்குப் போகும் சிறிய ஹோஸும் அதிலிருந்துதான் பிரிகின்றன. வெப்பநிலை சென்சாரும் அதில்தான் இருக்கிறது. கண்ணாடி இழை கலந்த நைலானால் வார்க்கப்படும் இத்தகைய பாகங்கள், ஆண்டுக்கணக்கில் சூடாவதும் ஆறுவதுமாக இருந்து, கடைசியில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். கழுத்துப் பகுதியில் மயிரிழை போல விரிசல் விழும். சில வண்டிகளில் ஹோஸைக் கழற்றும்போதே கையோடு ஒடிந்து வரும். தயாரிப்பாளர் இந்தப் பாகத்தை நிறுத்திவிட்டதைப் பார்ட் நம்பரைக் கொடுத்து நானே விசாரித்து உறுதி செய்திருந்தேன். ஒர்க்‌ஷாப்காரரோ, பழைய ஸ்டாக்கில் ஒன்று அகப்பட்டது, கம்பெனி பார்ட், பெட்டி பிரிக்காதது என்றார். பில்லிலும் ‘அவுட்லெட், புதியது’ என்றே எழுதியிருந்தார்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டபோது, அது குப்பையோடு போய்விட்டதாகப் பதில் வந்தது.

ஒழுகல் நின்றது உண்மைதான். ஆனால் சில வாரங்களில், வண்டியை நிறுத்தியதும் பானெட்டின் இடுக்கிலிருந்து கூலன்ட்டுக்கே உரிய அந்தத் தித்திப்பு வாடை வரத் தொடங்கியது. ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுகொண்டது. வண்டி நீண்ட தூரம் ஓடும்போது வெப்பநிலை முள் வழக்கமான இடத்துக்கு ஏறாமல் கீழேயே கிடந்தது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாயிற்று. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் எதையும் கழற்றுவதற்கு முன், ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயில் அழுத்தம் சோதிக்கும் கைப் பம்பைப் பொருத்தினார். இந்த வண்டிக்கு உரிய அழுத்தம் 1.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). முள் 0.7-ஐத் தாண்டும்போதே அவுட்லெட்டின் கழுத்தில் முத்து முத்தாகக் கூலன்ட் துளிர்த்தது. அந்த இடத்தில் அடித்திருந்த கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால், அடியில் சாம்பல் நிற எபாக்சிப் பசை.

இன்னொன்றையும் அவர் காட்டினார். வார்ப்புப் பிளாஸ்டிக் பாகங்கள் பலவற்றில், கடிகார முகம் போல ஒரு சிறிய வட்டம் புடைப்பாக இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், மாதத்தைக் காட்ட ஓர் அம்புக்குறி. என் பாகத்தில் இருந்தது, வண்டி தயாரான மாதத்துக்கு முந்தைய மாதம். பழைய ஸ்டாக் என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பொருத்தமாக ஒரு பாகம் என் வண்டியைத் தேடி வந்திருக்க முடியாது.

இனி அந்த மூன்று வேலைகள். முதலாவது, ரேடியேட்டர் மூடியை மாற்றியது. 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் மூடி இருந்த இடத்தில் 0.6 பார் மூடி இருந்தது. அழுத்தம் குறைந்தால் ஒட்டுப் போட்ட விரிசல் கசியாது. வாடிக்கையாளரும் சரியாகிவிட்டது என்று நம்பிப் போய்விடுவார். ஆனால் கூலன்ட் கொதிக்காமல் இருப்பதே அந்த அழுத்தத்தால்தான். வெறும் தண்ணீரை எடுத்துக்கொண்டால், 1.1 பார் மூடியின் கீழ் ஏறத்தாழ 122 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, 0.6 பார் மூடியின் கீழ் 113 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்றத்திலோ நெரிசலிலோ இன்ஜின் திணறும் நேரத்தில் கைகொடுக்கும் இடைவெளியைத்தான் இவர்கள் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, லீக் அடைக்கும் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றியது. அது விரிசலைத் தேடிப் போய் அடைப்பதோடு நிற்காது. ரேடியேட்டரின், ஹீட்டர் கோரின் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) மெல்லிய குழாய்களிலும் படியும். ஹீட்டர் வெதுவெதுப்பாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, கூலன்ட் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டது. பழைய வண்டிக்கு அது தேவையில்லை என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வராது. இன்ஜின் இன்னும் ஆறிக் கிடப்பதாகக் கருதிக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். அதைவிட மோசமானது வேறு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூட வேண்டும். என் இன்ஜினும் அந்த வகை. தெர்மோஸ்டாட் இல்லாத நிலையில் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சாலையில் அளவுக்கு மீறிக் குளிரும் அதே வண்டி, நெரிசலில் அளவுக்கு மீறிச் சூடாவதற்கு இதுவே போதும். அப்போது முள் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது: கூலன்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால், காற்றில் நிற்கும் சென்சார் குறைவாகவே காட்டும். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போன பிறகுதான் விஷயம் தெரியவரும்.

படங்களோடு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பழைய வண்டிக்கு இவ்வளவுதான் செய்ய முடியும் என்று தொடங்கியவர், தேதி வட்டத்தைக் காட்டியதும் பாகத்துக்கான தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்தார். கூலியும் ரேடியேட்டரைக் கழுவிய செலவும் என் தலையில்.

முறையான மாற்று வழி இல்லாமலில்லை. ஒரே இன்ஜினைப் பல மாடல்களில் பயன்படுத்தியிருப்பார்கள். ஆகவே பார்ட் நம்பரை மட்டும் பார்க்காமல் இன்ஜின் குறியீட்டை வைத்தும் தேட வேண்டும். என் விஷயத்தில் அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒட்டுப் போட்ட பாகத்தையே அளவுக்கு வைத்து, அலுமினியத்தில் ஒன்றைக் கடைந்து வாங்கினேன். அதில் கவனிக்க வேண்டியவை: ஹெட்டோடு சேரும் முகம் சமதளமாக இருக்க வேண்டும், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் உட்காரும் பள்ளத்தின் ஆழம் பிசகக் கூடாது, ஹோஸ் கழன்று வராமலிருக்கக் கழுத்தின் முனையில் ஒரு விளிம்புப் புடைப்பு அவசியம். ஓ-ரிங் இ.பி.டி.எம். ரப்பராக இருக்கட்டும். அதற்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ஊதிக் கெட்டுவிடும். கொஞ்சம் கூலன்ட்டைத் தொட்டுப் பொருத்தினாலே போதும்.

வீட்டுக் குழாய் வேலைக்கான பி.வி.சி. இணைப்பை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். கூலன்ட் சாதாரணமாகவே 90 டிகிரியைத் தாண்டும், பி.வி.சி. 80 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சிலிகான் பசையை அள்ளி அப்புவதும் வேண்டாம். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

வண்டியை விடும்போதே ரேடியேட்டர் மூடியில் உள்ள எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பாகம் தனக்குத் திரும்ப வேண்டும் என்பதை வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எடுக்கும்போது, மூடியில் குறித்த அழுத்தத்தை ஏற்றிப் பத்து நிமிடமாவது முள் இறங்காமல் நிற்பதைக் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

அலுமினிய அவுட்லெட், புதிய தெர்மோஸ்டாட், சரியான மூடி ஆகியவை மாட்டியபின் கூலன்ட் குறியை விட்டு இறங்கவில்லை. முள்ளும் தன் இடத்தில் நிற்கிறது. ஹீட்டர் மட்டும், எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகும் பாதிச் சூட்டைத்தான் தருகிறது. கோரை மாற்றலாம் என்று விசாரித்தேன். அதன் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்களாம்.