விசாரணையின் தவறு நீதிமன்றத்திற்கு வந்து சேர்கிறதா? பெரி மேசன், சி.எஸ்.ஐ., லா அண்ட் ஆர்டர் – ஓர் ஒப்பீடு

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஏதேனும் ஒரு குற்றத் தொடரில் ஓர் அத்தியாயம் பார்த்துவிட்டுத் தூங்கப்போவது எங்கள் வீட்டில் நெடுநாள் பழக்கம். பெரி மேசன், சி.எஸ்.ஐ., லா அண்ட் ஆர்டர் ஆகிய மூன்று அமெரிக்கத் தொடர்களையும் கிடைத்த வரிசையில் துண்டு துண்டாகப் பார்த்துவந்தோம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் அத்தியாயத்திலிருந்து ஒழுங்காகப் பார்ப்பது என்று சென்ற ஆண்டு தீர்மானித்தபோது நான் தேர்ந்தெடுத்தது லா அண்ட் ஆர்டர். நடிப்பையோ கதையின் வேகத்தையோ வைத்து அந்த முடிவுக்கு நான் வரவில்லை. போலீஸார் விசாரணையில் செய்த ஒவ்வொரு காரியமும், சரியானதோ தவறானதோ, பின்னர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகிறதா என்பதே நான் வைத்துப் பார்த்த அளவுகோல்.

அடிப்படைச் செய்திகளைப் பலரும் அறிவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரி மேசன் 1957 முதல் 1966 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 271 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞராக ரேமண்ட் பர் நடித்தார். சி.எஸ்.ஐ. 2000இல் அதே நிறுவனத்தில் தொடங்கி 15 ஆண்டுகள் ஓடியது; லாஸ் வேகஸ் நகரத்துத் தடயவியல் குழுவின் கதை அது. லா அண்ட் ஆர்டர் 1990 செப்டம்பரில் என்.பி.சி.யில் தொடங்கி 2010 வரை 20 பருவங்களில் 456 அத்தியாயங்களைக் கண்டது. 2022இல் மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு மணி நேர அத்தியாயத்தின் முதற்பாதி நியூயார்க் போலீஸாருடையது, பிற்பாதி அரசு வழக்கறிஞர்களுடையது.

பெரி மேசனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கதாபாத்திரத்தைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமே கலிபோர்னியாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி ஆராய்வதற்காக 1940களின் பிற்பகுதியில் ஒரு குழுவையே அமைத்தவர். அந்த அறிவு தொடரின் கட்டமைப்பில் தெரிகிறது. மேசன் வாதாடும் காட்சிகளில் பெரும்பாலானவை ஜூரி முன் நடக்கும் முழு விசாரணை அல்ல, வழக்கை மேல்நிலை நீதிமன்றத்திற்கு அனுப்பலாமா என்று நீதிபதி மட்டும் பார்க்கும் பூர்வாங்க விசாரணை. அந்தக் கட்டத்தில் வேறொருவர்தான் குற்றவாளி என்று வெளிப்பட்டுவிட்டால் வழக்கு அங்கேயே முடிவது சட்டப்படி பொருத்தமானதே. பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பவர் எழுந்து நின்று, தானே கொன்றதாக அழுதுகொண்டு சொல்வதுதான் பொருந்தவில்லை. குறுக்கு விசாரணையின் உண்மையான வேலை எதிர்த்தரப்புச் சாட்சியின் சொல்லில் ஒரு சிறு ஓட்டையை உண்டாக்கி, அதை அப்படியே விட்டுவிட்டு, இறுதி வாதத்தில் நினைவூட்டுவது. மேசனோ அந்த ஓட்டைக்குள் கையை விட்டுக் கொலைகாரனையே வெளியே இழுத்துவிடுகிறார். அப்படி இழுத்துவிட்ட பிறகு, அதுவரை போலீஸார் என்ன செய்தார்கள், எந்த வீட்டை எந்த அதிகாரத்தில் சோதனையிட்டார்கள், கைதானவரிடம் எப்படிப் பேசினார்கள் என்ற கேள்விகளுக்கு இடமே இல்லாமல் போகிறது. போலீஸ் அதிகாரி லெஃப்டினன்ட் டிராக் ஒவ்வொரு வாரமும் தவறான ஆளைக் கைது செய்கிறார்; அந்தத் தவறுக்குக் காரணம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதில் காலத்தின் பங்கும் இருக்கிறது. பெரி மேசனின் கடைசி அத்தியாயம் 1966 மே 22இல் ஒளிபரப்பானது. கைதானவருக்கு மௌனம் காக்கும் உரிமையும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்பதைச் சொல்லாமல் காவலில் வைத்துப் பெறும் வாக்குமூலத்தை அரசுத்தரப்பு சான்றாக முன்வைக்க முடியாது என்ற மிராண்டா தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கியது அதே ஆண்டு ஜூன் 13இல். மூன்று வாரம் பிந்தி வந்த ஒரு தீர்ப்பை அந்தத் தொடர் காட்டவில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளை மாநில நீதிமன்றங்களும் விலக்க வேண்டும் என்ற மேப் தீர்ப்பு 1961லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஐந்தாண்டுகள் ஓடிய தொடர், நான் பார்த்த அத்தியாயங்களில், அதைக் கதையின் மையமாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

சி.எஸ்.ஐ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்கள் பொய் சொல்வார்கள், தடயம் பொய் சொல்லாது என்பதே அதன் ஆதார நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் நீதிமன்றமே தேவையற்றதாகிவிடுகிறது; ஆய்வகத்தில் திரை ஒளிர்ந்ததும் கதை முடிந்துவிடுகிறது. தடயம் சேகரிப்பவரே சந்தேக நபரை எதிரே உட்காரவைத்து விசாரிப்பதும், மரபணு முடிவு அதே நாளில் வந்துவிடுவதும் பலர் ஏற்கெனவே சுட்டிக்காட்டிய குறைகள். அவற்றைவிடப் பெரிய குறை, தடயத்தின் மீது குறுக்கு விசாரணையே நடக்காததுதான். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் கவுன்சில் 2009இல் வெளியிட்ட அறிக்கை, மரபணுப் பகுப்பாய்வு தவிர்த்த தடயவியல் முறைகளில் எதுவும், ஒரு தடயம் இன்ன மனிதருடையதுதான் என்று மிக உயர்ந்த உறுதியுடன் தொடர்ந்து சொல்ல வல்லது எனக் கறாராக நிறுவப்படவில்லை என்று கூறியது. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொல்லி அவரைக் காவலில் வைத்தது. அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸார் கண்டறிந்த பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்தத் தொடர் இத்தகைய ஒரு தவறை எடுத்து, அது எப்படி நேர்ந்தது என்று நான்கு காட்சிகள் காட்டியிருந்தால் நான் அதன் பக்கமே நின்றிருப்பேன். நான் முதல் ஐந்து பருவங்களைத்தான் கவனமாகப் பார்த்திருக்கிறேன் என்பதால், பிற்காலப் பருவங்களைப் பற்றிய என் தீர்ப்பை அரைகுறையானதாகவே கொள்ள வேண்டும்.

இனி லா அண்ட் ஆர்டர். இதன் தனிச்சிறப்பு கதை இரண்டாகப் பிரிவதில் மட்டும் இல்லை. முதற்பாதியில் நடந்ததைப் பிற்பாதி மறுபடி எடுத்து விசாரிப்பதில் இருக்கிறது. துப்பறிவாளர்கள் இருவர் ஒரு குடியிருப்புக்குப் போகிறார்கள். கதவு சற்றே திறந்திருக்கிறது. உள்ளே நுழைந்து அலமாரியில் இரத்தக் கறை படிந்த சட்டையைக் கண்டெடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் நாம் மகிழ்கிறோம். இருபது நிமிடம் கழித்து நீதிபதியின் அறையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, கதவைத் திறந்தது யார் என்பது. சோதனை ஆணை இல்லை, உயிருக்கு ஆபத்து என்று நம்பக் காரணமும் இல்லை என்றால் அந்தச் சட்டை ஜூரியின் கண்ணில் படவே படாது. சட்டையைக் காட்டிக் கேட்டதால் கிடைத்த வாக்குமூலமும் போகலாம், அந்த வாக்குமூலத்தால் கிடைத்த கத்தியும் போகலாம். அமெரிக்கச் சட்டத்தில் இதை நச்சு மரத்தின் கனி என்று சொல்கிறார்கள். போலீஸார் எப்படியும் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று அரசு வழக்கறிஞர் ஜாக் மெக்காய் வாதாடுவார்; 1984இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விதிவிலக்கு அது. சில நேரம் வெல்வார், சில நேரம் தோற்பார். தோற்ற பின் கையில் எஞ்சியதை வைத்து வழக்கை எப்படி நடத்துவது என்பதுதான் மீதிக் கதை.

நியூயார்க் நீதிமன்றங்களில் இந்த இடைநிலை விசாரணைகளுக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு: வாக்குமூலம் சுயவிருப்பில் தரப்பட்டதா என்று பார்ப்பது ஹண்ட்லி விசாரணை, கைப்பற்றிய பொருளைப் பற்றியது மேப் விசாரணை, அடையாள அணிவகுப்பு நேர்மையாக நடந்ததா என்று ஆராய்வது வேட் விசாரணை. உண்மையான குற்ற வழக்குகளின் போக்கைப் பலமுறை தீர்மானிப்பவை இவையே. தொலைக்காட்சி இவற்றைச் சலிப்பூட்டுபவை என்று ஒதுக்கிவந்த நிலையில், இந்தத் தொடர் இவற்றையே கதையின் திருப்பமாக்கியது. 1991இல் வந்த இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில், கூட்டாளியை இழந்த துப்பறிவாளர் மைக் லோகன் சந்தேக நபரை மிரட்டி வாக்குமூலம் வாங்குகிறார். அவருடைய துயரம் நமக்குத் தெரியும். அந்த ஆள்தான் கொன்றான் என்றும் நம்புகிறோம். ஆனாலும் அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்வியைத் தொடர் தட்டிக்கழிக்கவில்லை. நாயகனின் கோபத்துக்கும் விலை உண்டு என்று காட்டும் துணிவு மற்ற இரண்டு தொடர்களிலும் நான் காணாதது.

இதனால் கிடைக்கும் பயன், கொலையாளி யார் என்று தெரிந்த பின்பும் அத்தியாயத்தை மறுபடி பார்க்க முடிவதுதான். இரண்டாம் முறை பார்க்கும்போது முதற்பாதியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் காதோடு கேட்கிறேன். துப்பறிவாளர் லென்னி பிரிஸ்கோ ஒரு கேள்வியைச் சற்று முன்னதாகக் கேட்டுவிட்டார், உரிமைகளைப் படித்துக்காட்டுவதற்கு முன் அந்த ஆள் வழக்கறிஞர் வேண்டும் என்று முணுமுணுத்தார் என்பன போன்றவை அப்போதுதான் புலப்படுகின்றன. பெரி மேசனில் இந்த இரண்டாம் பார்வைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பதாக அரசுத்தரப்பு பேரம் பேசுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012இல் ஒரு தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டபடி, கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 விழுக்காடும் மாநில நீதிமன்றத் தண்டனைகளில் 94 விழுக்காடும் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை. ஜூரி முன் முழு விசாரணை என்பது அரிது. மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆடம் ஷிஃப், கோப்பை மூடாமலே, பேரத்தை முடித்துக்கொள் என்று உதவியாளர்களிடம் சொல்லும் காட்சிகளில் அந்த உண்மை இருக்கிறது. மன்ஹாட்டனின் மாவட்ட அரசு வழக்கறிஞராக நீண்ட காலம் இருந்த ராபர்ட் மார்கெந்தாவை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட பாத்திரம் ஷிஃப். பிராங்ஸில் வளர்ந்த சிறுமியாகப் பெரி மேசனைப் பார்த்து, குற்றமற்றவர் விடுதலையாவதில் அரசு வழக்கறிஞருக்கும் மகிழ்ச்சி உண்டு என்று கற்றுக்கொண்டதாக 2009இல் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்துக்கான செனட் விசாரணையில் சொன்ன சோனியா சோட்டோமேயர், உச்ச நீதிமன்றத்திற்குப் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பு இதே மார்கெந்தாவிடம் உதவி அரசு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். பெரி மேசனுக்குச் சேர வேண்டிய பெருமைகளில் இது பெரியது, அதை மறுக்க மாட்டேன்.

லா அண்ட் ஆர்டரிலும் எனக்கு உறுத்தும் குறைகள் உண்டு. குற்றம் நடந்து சில வாரங்களில் தீர்ப்பு வந்துவிடுகிறது. சாட்சிக்கு அனுமதியற்ற ஒன்றைச் சொற்பொழிவாகச் சொல்லிவிட்டு, கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்று வழக்கறிஞர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். இவற்றைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதையை எப்போதும் அரசுத்தரப்பின் தோளில் நின்று பார்ப்பதால், சான்றை விலக்கும் நீதிபதி நியாயத்துக்குக் குறுக்கே நிற்பவர் போலவும், உரிமையை நினைவூட்டும் வழக்கறிஞர் கொலைகாரனின் கூட்டாளி போலவும் தோன்றிவிடுகிறார்கள். விதியைக் காட்டும் தொடர், அந்த விதி யாரைக் காக்க வந்தது என்பதைப் போதுமான அளவு காட்டவில்லை. கைதானவரின் வீட்டுக்குள் ஒருமுறையேனும் முதலில் நுழைந்திருக்கலாம் என்று பல இரவுகளில் நினைத்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பார்வையாளர் ஒருவருக்கு இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். திரையில் சுப்ரீம் கோர்ட் என்று எழுத்து வந்ததும் உச்ச நீதிமன்றம் என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் முதல்நிலை விசாரணை நடத்தும் நீதிமன்றத்தின் பெயரே அது. மற்றொன்று வாக்குமூலம். நம் நாட்டில் போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை, அதன் வழியே பொருள் கண்டெடுக்கப்பட்ட அளவுக்குத் தவிர, குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 27ஆம் பிரிவுகள் இப்போது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கின்றன. அதனால் அமெரிக்கத் தொடரில் வாக்குமூலத்துக்கு இவ்வளவு போராட்டம் ஏன் என்று முதலில் புரியாது. மாறாக, முறைகேடான சோதனையில் கிடைத்த பொருளாக இருந்தாலும் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் பொதுவாக நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. செஷன்ஸ் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்யும் என் தாய்மாமா எங்களோடு சில அத்தியாயங்கள் பார்த்தார். சட்டை கண்டெடுக்கப்பட்ட காட்சியில் நான் உற்சாகமாகத் திரும்பியபோது, “மகஜர் சாட்சி கூண்டில் ஏறட்டும் மாப்பிள்ளை, அப்புறம் சொல்” என்றார். பொருள் கைப்பற்றப்பட்டதை நேரில் பார்த்துப் பட்டியலில் கையெழுத்திட்டவர்தான் மகஜர் சாட்சி. நான் தேடிய அளவுகோலை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

2022க்குப் பிந்தைய புதிய பருவங்களில் இதுவரை மிகச் சில அத்தியாயங்களே பார்த்திருக்கிறேன். அவற்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்வது முறையன்று. நான் சொன்னவை பெரும்பாலும் முதல் பதினான்கு பருவங்களுக்கு, அதாவது பிரிஸ்கோவாக நடித்த ஜெர்ரி ஆர்பாக் விலகிய 2004 வரைக்கும் பொருந்தும். ஒரே இரவில் முழுமையான முடிவும் மன நிறைவும் வேண்டும் என்பவருக்குப் பெரி மேசனையே பரிந்துரைப்பேன்; அம்மா அதைத்தான் விரும்புகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்காக அதையே போடுகிறோம். மற்ற ஆறு இரவுகளும் லா அண்ட் ஆர்டருக்கு. இப்போது ஐந்தாம் பருவத்தில் இருக்கிறோம், மெக்காய் வந்துவிட்டார்.