6ஆம் வகுப்பு: பெரிய அரசு மேல்நிலைப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா?

இட ஒதுக்கீடு
அரசுப் பள்ளி: 6 முதல் 12 வரை படித்தால் மருத்துவத்தில் 7.5% உள் ஒதுக்கீடு (2020 முதல்). பொறியியலுக்கும் உண்டு.
உதவி பெறும் பள்ளி: இது கிடையாது. பெயரில் 'அரசு' இருப்பதை நம்பிப் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கல்லூரி உதவித்தொகை
மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இரு வகைப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி மாணவர்களுக்கு மட்டும்.

கட்டணம்
அரசு: பெரிய செலவில்லை.
உதவி: ஆங்கில வழி பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாக இருக்கும், அதற்குக் கட்டணம் உண்டு. சேரும்போதே எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆசிரியர்கள்
அரசு: இடமாறுதல் கலந்தாய்வில் கணக்கு ஆசிரியர் போய்விட்டால் பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கலாம்.
உதவி: நியமிப்பது நிர்வாகம், சம்பளம் அரசு. ஒரே ஆசிரியர் பல்லாண்டு இருப்பார். நல்லவராக இருந்தால் வரம்.

நேரில் போகும்போது வேதியியல் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பியூரெட்டில் (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) தூசி படிந்திருந்தால் செய்முறை வகுப்பு நடக்கவில்லை என்று பொருள். மதிய இடைவேளையில் கழிவறைக் குழாயைத் திருகிப் பாருங்கள். பிளஸ் 1-இல் எந்தெந்த குரூப், ஒவ்வொன்றிலும் எத்தனை இடம் என்பதையும் கேளுங்கள். பெரிய அரசுப் பள்ளியின் பலமே அதில்தான்.

டாக்டர் கனவு இருந்தால் அரசுப் பள்ளி, தயங்கவே வேண்டாம். அடிக்கடி ஆசிரியர் மாறினால் தடுமாறும் பிள்ளைக்கு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி.