வன்னி வெய்யிலில் கோகுசெக் எக்ஸ்எஸ்: வீடுதேடிப் போகும் இயன்மருத்துவருக்கு உதவுமா?

குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்தை எடுப்பவருக்குப் பயிற்சி கொடுக்குமுன் கேட்க வேண்டியது கிளினிக் கொப்பி. அதிலுள்ள ஐஎன்ஆர், அதாவது குருதி உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், மூன்று கிழமை பழசென்றால் அதை வீட்டிலேயே அளக்கும் கோகுசெக் எக்ஸ்எஸ் என்ற இந்தச் சின்ன மீற்றர் கைகொடுக்கும். விரல் நுனியில் 8 மைக்ரோலீற்றர் குருதி போதும். ஒரு நிமிடமளவில் எண் வரும். துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்ளூர்களில் இருப்பவருக்கு ஒரு பகல் பஸ் பயணம் மிச்சம்.

சிக்கல் வெக்கைதான். குருதித் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பை 2 முதல் 30 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். மீற்றர் 18க்கும் 32க்கும் இடையில்தான் வேலை செய்யும். சித்திரை, வைகாசியில் இங்கே மதியம் அதைத் தாண்டிவிடும், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். குளிர்ப்பெட்டியில், ஐஸில் முட்டாமல் கொண்டுபோய், விடியப்புறமே பரிசோதித்துவிடுங்கள். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெடும். எடுத்தவுடன் குப்பியை மூடுங்கள். புதுப் பெட்டி உடைத்தால் அதோடு வரும் சிப்பையும் மாற்ற வேண்டும்.

விரலைப் பிதுக்கினால் இழையநீர் கலந்து எண் பிழைக்கும். கையை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்து, குத்திய 15 விநாடிக்குள் முதல் துளியை வையுங்கள். போதாதென்று இரண்டாம் துளி சேர்ப்பது கூடாது; புது ஸ்ட்ரிப்தான் வழி.

பலருக்கு ஐஎன்ஆர் இலக்கு 2 முதல் 3. இதயத்தின் மைட்ரல் வால்வு இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு 2.5 முதல் 3.5. தன் இலக்குக்குள் நிற்பவரை நடக்கவிடலாம், வழமையான பயிற்சியும் செய்விக்கலாம். 4ஐத் தாண்டினால் பாரம் தூக்குவதும் அழுத்திப் பிடிப்பதும் வேண்டாம். 5க்கு மேலென்றால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புங்கள். நாளக் குருதியில் மறுபடி பார்ப்பார்கள். 1.5 என்று கண்டு நிம்மதியடையவும் கூடாது: குருதி கட்டியாகும் பயம் அங்கேதான். கெண்டைக்கால் புதிதாக வீங்கியிருந்தால் தொடாதீர்கள். எண் நல்லதென்றதும் எண்ணெய் போட்டு உருவச் சொல்லும் வீட்டார் எல்லா ஊரிலும் உண்டு, 2.5இலும் கழுத்துச் சொடக்கு எடுப்பது ஆபத்து. முழங்கால் திடீரென வீங்கிச் சுட்டால், எண் எதுவானாலும் நிறுத்துங்கள்.

குருதி உறைவைத் தடுக்கும் வேறு மருந்துகளான எனொக்ஸபரின், ரிவரொக்ஸபன் எடுப்பவரின் குருதிக்கசிவு ஆபத்தை இந்த எண் சொல்லாது. டெங்கில் இறங்கும் குருதிச் சிறுதட்டுகளையும் காட்டாது. அதற்கு எப்பிசி என்ற முழுக் குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனை வேண்டும். குருதி கட்டியாகும் இயல்பைக் கூட்டும் அன்ரிபொஸ்போலிப்பிட் நோய் உள்ளவரில் எண் பொய்யாக ஏறலாம், அவருக்கு ஆய்வுகூடமே சரி.

மீற்றரைவிட ஸ்ட்ரிப்தான் காசைத் தின்னும். மாதம் நாலைந்து பேரைப் பார்ப்பவர் மலிவென்று 48 உள்ள பெட்டி வாங்காமல், திகதி பார்த்து 24 உள்ளதை எடுக்கட்டும்.