அமெரிக்காவின் 'பில்ட்' ஈட்டுத்தொகை: கவுன்ட்டிகளுக்குப் போதுமா?

கூட்டாட்சி அரசின் நிலத்துக்குக் கவுன்ட்டிகள் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்புகள்) சொத்துவரி போட முடியாது. நெவாடா மாநிலத்தில் அப்படிப்பட்ட நிலம் சுமார் 80%. இந்த இழப்புக்காக 1976 சட்டப்படி கூட்டாட்சி அரசின் இன்டீரியர் (உள்நாட்டு நில, இயற்கைவளத்) துறை ஆண்டுதோறும் தருவதுதான் 'பில்ட்' (PILT, 'வரிக்குப் பதிலான தொகை'). விண்ணப்பிக்க வேண்டாம், எந்த அரசுப் பணிக்கும் செலவிடலாம். நல்ல வசதி.

கணக்குதான் சிக்கல். ஏக்கர் எண்ணிக்கையை ஏக்கருக்கு இவ்வளவு டாலர் என்ற உயர் விகிதத்தால் பெருக்கி, கூட்டாட்சி நிலத்திலிருந்து முந்தைய ஆண்டு கிடைத்த மர விற்பனைப் பங்கு போன்றவற்றைக் கழிப்பது ஒரு வழி. குறைந்த விகிதத்தால் பெருக்கி, எதையும் கழிக்காமல் விடுவது இன்னொன்று. எது அதிகமோ அது கிடைக்கும். ஆனால் மக்கள்தொகையை வைத்துத் தொகைக்குப் போடும் உச்சவரம்பு குறுக்கே நிற்கிறது: நிலம் பரந்து, ஆட்கள் குறைந்த கவுன்ட்டிக்கே அடி. சாலையும் மீட்புப் பணியும் பரப்பைப் பொறுத்தவை. தலையெண்ணி அளப்பது அநியாயம். நிதி ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். ஒதுக்கீடு வரும்முன் பட்ஜெட்டில் முழுத்தொகையை எழுதிவிடாதீர்கள்.