ஜேசன் பிளேட்டோவா, மேட் நீலா? யார் ரேஸ முதல்ல பாக்கறது

பிரிட்டிஷ் டூரிங் கார் (ரோட்ல ஓடுற மாடல் கார்கள ரேஸுக்கு மாத்தி ஓட்டுற பிரிட்டன் போட்டி) பழைய ரேஸ் வீடியோ பாக்க ஆரம்பிச்சவங்க நிறைய பேர் இந்த ரெண்டு பேர்கிட்ட வந்து தான் குழம்பி நிக்கறாங்க.

பட்டம்:
பிளேட்டோ - 2 தடவ, 2001ல வாக்ஸால், 2010ல செவர்லே.
நீல் - 3 தடவ, 2005, 2006, 2011, மூணுமே ஹோண்டா.

ஜெயிச்ச ரேஸ்:
பிளேட்டோ 97, இந்த சீரிஸ்லயே யாரும் இத தொடல. நீல் 60 சொச்சம்.

டீம்: இங்க தான் நீல் கதை வேற லெவல். பிளேட்டோ 1997ல உள்ள வரும்போதே வில்லியம்ஸ் நடத்துன ரெனோ டீம், அதாவது கார் கம்பெனியே காசு போட்டு இறக்கற கார். நீல் பெரும்பாலும் ஓட்டினது அவங்க அப்பா ஸ்டீவ் நீல் சேர்ந்து ஆரம்பிச்ச டீம் டைனமிக்ஸ்ல, கம்பெனி காசு இல்லாம தனி டீமா வந்து 1999ல டானிங்டன் டிராக்ல நிஸான் பிரிமேராவ வச்சு எல்லா கம்பெனி காரையும் முந்தி ஜெயிச்சாரு, தனி டீம் ஜெயிச்சா தர்றோம்னு சொன்ன 2,50,000 பவுண்டு பரிசும் வாங்கிட்டாரு. அந்த ஒரு ரேஸ் போதும்ங்க.

குணம்: பிளேட்டோ வாய் ஜாஸ்தி, டிவில கார் ஷோ கூட நடத்தினாரு. நீலும் சும்மா விட்றவரு இல்ல, 2011ல ராக்கிங்ஹாம் டிராக்ல ரெண்டு பேரும் காருக்கு வெளியவும் நேராவே மோதிக்கிட்டாங்க.

முட்டி மோதி இடம் புடிக்கிற டிரைவிங் வேணும்னா பிளேட்டோ. குடும்ப டீம் ஒண்ணு கம்பெனிகள எதுத்து மேல வர்றத பாக்கணும்னா நீல், 1999 டானிங்டன்ல இருந்தே ஆரம்பிங்க.