10 மடங்கு கிளிப் லென்ஸ்: சிலந்தி வலையின் பசைத்துளி வரை

போன் கேமரா மேல் கவ்வி மாட்டும் மேக்ரோ லென்ஸில் 10 மடங்கு, 20 மடங்கு என்று இரண்டு கிடைக்கின்றன. சிலந்தி வலையில் பூச்சி எப்படி மாட்டுகிறது என்று பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 10 மடங்கையே வாங்குங்கள். காரணம் இடைவெளி. 10 மடங்கு லென்ஸின் குவியத் தூரம் 25 மி.மீ. வலைக்கும் லென்ஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட அவ்வளவு இடம் மிஞ்சும். 20 மடங்கில் அது 12 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு நெருங்கினால் கை லேசாக நடுங்கினாலும் லென்ஸ் விளிம்பு நூலில் ஒட்டும், சிலந்தி ஓடிப் பதுங்கும், அன்றைய வேலை அதோடு முடிந்தது.

வெறுங்கண்ணுக்கு வலையின் வடிவம்தான் தெரியும். பொறி இருப்பதோ நூலில். இந்த லென்ஸுக்குப் பணம் கொடுப்பது அதற்காகத்தான்.

வரப்போரத்திலும் தோட்டத்திலும் பார்க்கும் வட்ட வலையை எடுத்துக்கொள்வோம். முதலில் வெளிச்சட்டம், பிறகு நடுவிலிருந்து ஆரநூல்கள், அதன்பின் நடுவிலிருந்து வெளியே போகும் ஒரு தற்காலிகச் சுருள். இது வரைக்கும் எந்த நூலிலும் பசை கிடையாது. தற்காலிகச் சுருளைச் சாரம் போலப் பிடித்துக்கொண்டு, வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பசைச் சுருளை இழுக்கிறது சிலந்தி. போகிற போக்கில் பழைய சுருளை அறுத்துவிடும். லென்ஸை ஆரநூலில் வைத்தால் மொழுமொழுவென்று ஒரு கோடு. அப்படியே பக்கத்துச் சுருள்நூலுக்கு நகர்த்துங்கள்: பாசிமணி கோத்ததுபோல வரிசையாகத் துளிகள். சிலந்தி அந்த மணிகளை ஒவ்வொன்றாக வைப்பதில்லை. நூல் வெளிவரும்போது பசை அதன்மேல் சீரான உறையாகப் பூசப்படுகிறது. பிறகு பரப்பு இழுவிசையால் அந்த உறை தானாக உடைந்து துளிகளாகிறது.

துளி பெரும்பாலும் தலைமுடிப் பருமனைவிடச் சிறியது. 40 மைக்ரான் (0.04 மி.மீ.) துளி ஒன்று 10 மடங்கில், போனைப் பொறுத்து, படத்தில் ஆறேழு பிக்சல் அகலம்தான் வரும். அதனால் துளிக்குள் இருக்கும் அமைப்பை இந்த லென்ஸில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பூச்சி இழுக்கும்போது நடப்பது நன்றாகவே தெரியும். ஒரு கொசு கால் வைத்து உதறுகிறது. நூல் அறுவதில்லை, நீள்கிறது. பசைச் சுருளின் உள்நூல் தன் நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளக்கூடியது. காலில் ஒட்டிய துளிகளும் ஒவ்வொன்றும் இழுபட்டுச் சிறு கம்பிகளாக நிற்கும். பாரத்தை ஒரே துளி தாங்காமல் பல துளிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பூச்சி உதறுகிற வேகத்தை நூலே உறிஞ்சிவிடுவதால், எகிறித் தப்ப அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இதை வீடியோவாக எடுப்பதே நல்லது.

எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பிசானப் பருவ நெல் நிற்கும் மார்கழி விடியலில், பனி கோத்த வலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்தில் வருவது பனித்துளி; பசைத்துளி அதற்குள் மூழ்கிவிட்டது. பசையைப் பார்க்க வேண்டும் என்றால் பொழுது சாயும் நேரம் போங்கள். நெல்வயலில் தண்ணீருக்கு மேலே வலை போடும் நீள்தாடைச் சிலந்தியான டெட்ராக்னாத்தா, வேலியோரத்து நியோஸ்கோனா போன்றவை அந்தி வேளையில் புது வலை பின்னும். அப்போது பசையும் புதிது, தூசியும் இல்லை. மதியம் வேண்டவே வேண்டாம். பசையில் உள்ள உப்புப் பொருள்கள் காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் அதை இளக்கமாக வைத்திருக்கின்றன; ஈரம் குறைந்தால் துளி சுருங்கும், ஒட்டும் தன்மையும் மாறும்.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வெளியில் முயல வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் நூல் ஒரு விநாடிகூட நிற்காது. இந்த லென்ஸில் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மி.மீ.க்கும் குறைவுதான். போதாக்குறைக்கு, காற்றில் வரும் மண் பசைத்துளிகளை மூடிவிடும்.

அந்த மாதங்களில் வீட்டுக்குள் பாருங்கள். ஒட்டடை என்று நாம் தட்டிவிடும் மூலைகளில் ஒரு வகை, மேலே தாறுமாறாக நூல் கட்டி, கீழே தரைக்கோ சுவருக்கோ செங்குத்தாக விறைத்த நூல்களை இறக்கியிருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் அடிப்பகுதியில் மட்டும் பசை. லென்ஸை அந்த அடி நுனிக்குக் கொண்டுபோங்கள். நடந்துபோகும் எறும்பு அதில் உரசியதும் நூல் தரையிலிருந்து விட்டுப்போகும். விறைப்பு எறும்பை அந்தரத்தில் தூக்கிவிடும். கால் ஊன்றத் தரை இல்லாத எறும்பால் என்ன செய்ய முடியும்? இதற்கு இந்த லென்ஸ் மிகப் பொருத்தம்: காற்று இல்லை, நுனி அசைவதில்லை, போனைத் தரையில் சாய்த்தே வைத்துக்கொள்ளலாம்.

வறண்ட காட்டு முள்வேலியில் அழுக்குப் பஞ்சு உருண்டை மாதிரிக் கூடு கட்டிக் கூட்டமாக வாழும் ஸ்டெகோடிஃபஸ் சிலந்தியின் நூலில் பசைத்துளியே இருக்காது. பின்னங்காலில் உள்ள சீப்பு போன்ற மயிர்வரிசையால் மிக மெல்லிய இழைகளைக் கோதி, நூலின்மேல் கம்பளிபோல ஏற்றுகிறது. அந்தக் கம்பளி உலர்ந்தபடியே ஒட்டும். 10 மடங்கில் மங்கலான நீலச் சாயலோடு பஞ்சுத் திரிபோலத் தெரியும். தனி இழை தெரியாது, எந்தக் கிளிப் லென்ஸிலும் தெரியாது. சப்பாத்திக்கள்ளியில் கூடாரம்போல வலை கட்டும் சிர்டோஃபோராவுக்குப் பசையும் இல்லை, கம்பளியும் இல்லை. மேலே குறுக்கும் நெடுக்குமாக உள்ள நூல்களில் மோதி விழும் பூச்சியைக் கீழே உள்ள நெருக்கமான விரிப்பு தாங்குகிறது, சிலந்தி அடியிலிருந்து கடிக்கிறது. அதற்கு லென்ஸைக் கழற்றிவிட்டு முழு வலையையும் எடுங்கள்.

லென்ஸின் குறைகள் மூன்று. போனில் இரண்டு மூன்று கேமரா இருந்தால், பொருளுக்கு அருகே போனதும் போன் தானாக வேறு கேமராவுக்கு மாறி, படத்தில் கவ்வியின் கறுப்பு வட்டம் வரும். தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு முதன்மைக் கேமராவை நீங்களே தேர்ந்தெடுங்கள். போன் உறையோடு மாட்டினால் கவ்வி சரியும், படத்தின் ஒரு பக்கம் மங்கும். விளிம்பு எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும், ஆகவே துளிவரிசையை நடுவில் வையுங்கள். கண்ணாடி லென்ஸா என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் என்றால் ஒரு பருவம் வயலில் துடைத்தாலே கீறல் விழும்.

வெளிச்சம் முன்னாலிருந்து வேண்டாம். வலைக்கு ஒரு சாண் பின்னே கறுப்புத் துணி, பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து சிறு டார்ச். துளிகள் பளிச்சென்று எழும்பும். ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் குறைய வேண்டாம். போன் வலைக்கு இணையாக நிற்கட்டும். போகஸைத் தொடாமல் போனையே மெல்ல முன்னே நகர்த்தித் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றாவது தேறும்.

நூல் தெரிய மாவோ பவுடரோ தூவச் சொல்கிறவர்கள் உண்டு. சிலந்தி இருக்கும் வலையில் அதைச் செய்யாதீர்கள். தூள் படிந்த பசை எதையும் பிடிக்காது. அன்றைய இரை போச்சு. வட்ட வலைச் சிலந்திகள் பல பழைய வலையைத் தின்று அந்தப் பொருளிலிருந்தே புது நூல் எடுக்கின்றன. நீங்கள் தூவியதும் அதோடு உள்ளே போகும்.

பாபநாசம், மணிமுத்தாறு மலையடிவாரத்தில் மரத்துக்கு மரம் பொன்னிற வலை கட்டும் பெரிய நெஃபிலாவுக்கு இந்த லென்ஸ் தேவையே இல்லை. பெண் சிலந்தியின் உடல் மட்டுமே 3 முதல் 5 செ.மீ. இருக்கும், போனின் 2 மடங்கு ஜூமே போதும். அங்கே பார்க்க வேண்டியது வரிசை. நெஃபிலா முதலில் கடித்துவிட்டுப் பிறகுதான் சுற்றும். பெருக்கல் குறி போட்டு உட்காரும் ஆர்ஜியோப் முதலில் பின்னங்கால்களால் பட்டையாக நூல் வீசிச் சுற்றிவிட்டுப் பிறகு கடிக்கும், அந்துப்பூச்சி விழுந்தால் மட்டும் முதலில் கடி. செதிலை உதிர்த்துவிட்டு நழுவக்கூடிய இரை அது, சுற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை. புலிகள் காப்பக எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.