நேரம் குறித்து வைத்த அறிவிப்புகள்: ஒரு சேலைக் கடையின் அனுபவம்

அறிவிப்புகளைத் தானாக வெளியிடும் மென்பொருளை எதை வைத்து எடைபோடுவது என்று யாராவது கேட்டால், நான் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன்: குறித்து வைத்ததை அவசரத்துக்கு நிறுத்த எவ்வளவு நேரம் ஆகிறது? சொன்ன நேரத்துக்கு வெளியிடும் வேலையை இன்று எல்லா மென்பொருளும் செய்துவிடும். நிறுத்தும்போதுதான் எது நல்லது என்று தெரியும்.

காரைக்குடியில் சித்தி நடத்தும் கைத்தறிச் சேலைக் கடையின் இணைய வேலைகளை நான் பார்க்கிறேன். பெரும்பாலும் கண்டாங்கி, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதே காரைக்குடிக் கண்டாங்கிதான். கடையின் தளம் வேர்ட்பிரஸ் என்ற, இணையதளம் அமைக்கும் மென்பொருளில் இருக்கிறது, விற்பனைக்கு அதன்மேல் வூகாமர்ஸ் என்ற இணைப்பு மென்பொருள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேரம் குறித்து வெளியிட பஃபர் என்ற சேவை. மூன்று வருடத்துக்கும் மேலாக இந்த ஏற்பாடுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் நேர மண்டலத்தைச் சரிபார்த்துவிட வேண்டும். வேர்ட்பிரஸை நிறுவியதும் அது உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். பொது அமைப்புகளில் கொல்கத்தா (அதாவது இந்திய நேரம்) என்று மாற்றாமல் காலை 10 மணி குறித்தால், நமக்கு மாலை 3.30க்குத்தான் வெளியாகும்.

அடுத்தது கொஞ்சம் ஆழமான விஷயம். வேர்ட்பிரஸ் தானாகக் கடிகாரம் பார்த்துக்கொண்டு இருக்காது. யாராவது தளத்துக்குள் வரும்போதுதான் ‘வெளியிட வேண்டியது ஏதாவது இருக்கிறதா’ என்று பார்க்கும். நாளெல்லாம் ஆட்கள் வந்துபோகும் பெரிய தளத்தில் இது தெரியவே தெரியாது. நம்மைப் போன்ற சின்னக் கடைக்கு விடியற்காலை 6 மணிக்கு யார் வரப்போகிறார்கள்? ஆள் வரும்வரை பதிவு காத்திருக்கும், சில நேரம் ‘மிஸ்டு ஷெட்யூல்’ என்ற சிவப்பு எழுத்தோடு அப்படியே நின்றுவிடும். இதற்குத் தீர்வு உண்டு. வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி சேர்த்து அந்தப் பழக்கத்தை அணைத்துவிட்டு, ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவை) பக்கத்தில் ‘கிரான் ஜாப்’ என்ற இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரே எழுப்பும்படி வைத்துவிடலாம். ஹோஸ்டிங் கொடுத்தவரிடம் கேட்டால் பெரும்பாலும் அவரே செய்து தருவார். எங்கள் தளத்தில் இதை ஆரம்பத்திலேயே செய்துவிட்டோம், நேரம் தவறிய பேச்சே வரவில்லை.

நேரம் குறித்த பொருளின் பக்கம், அந்த நேரம் வரும்வரை வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தளத்தில் சேலையும் ஃபேஸ்புக்கில் அறிவிப்பும் ஒரே நிமிடத்தில் வரவேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. அறிவிப்பு அரை நிமிடம் முந்திக்கொண்டாலும், அழுத்துகிறவருக்கு ‘பக்கம் இல்லை’ என்றுதான் வரும். நான் சேலைகளை மாலை 6.30க்குத் தளத்தில் வைத்து, அறிவிப்பை 7 மணிக்கு வைக்கிறேன். இடையில் உள்ள அரை மணியில் போனிலிருந்து பக்கத்தைத் திறந்து, விலை சரியா, படம் வருகிறதா என்று பார்த்துவிடுவேன். 7 மணிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்போது சிங்கப்பூரில் இரவு 9.30, டொரான்டோவில் காலை. இரண்டு ஊர் வாடிக்கையாளர்களும் போனைப் பார்க்கக்கூடிய நேரம்.

தள்ளுபடிக்குக் கணக்கு வேறு. வூகாமர்ஸில் தள்ளுபடி விலைக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் கொடுக்கலாம். தொடங்கும் நாளின் நள்ளிரவு 12க்கு விலை குறையும், முடியும் நாள் முழுதும் இருக்கும். ஆடித் தள்ளுபடியை மாலையில்தான் அறிவிக்கப் போகிறோம் என்றாலும், அன்று காலையிலேயே தளத்தில் விலை குறைந்திருக்கும். கடையில் இருப்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

கைத்தறியில் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நிறத்தில் ஒரே சேலைதான் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு அறிவிப்பு குறித்திருப்போம், வியாழக்கிழமை கடைக்கு நேரில் வந்தவர் அதையே எடுத்துப் போய்விடுவார். தளத்தில் இருப்பை பூஜ்யம் ஆக்கினால் தளம் புரிந்துகொள்ளும். பஃபரில் காத்திருக்கும் பதிவுக்கு அது தெரியாது, தெரிய வழியும் இல்லை. அதனால் தனிச் சேலைக்குத் தனி அறிவிப்பு என்று வைப்பதே இல்லை. ‘இந்த வாரத்துக் கண்டாங்கி’ என்று தொகுப்பாக அறிவித்து, இணைப்பைத் தொகுப்புப் பக்கத்துக்கே கொடுக்கிறோம். ஒன்று விற்றாலும் மற்றவை இருக்கும், பதிவு பொய்யாகாது. வாடிக்கையாளரிடம் இல்லாத பொருளைக் காட்டாமல் இருப்பது எனக்கு ரொம்ப முக்கியம்.

சித்திக்கு ராகு காலம் முக்கியம். “வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல போடாதே, பன்னெண்டு தாண்டட்டும்” என்பார். பஃபரில் ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனி நேரம் வைக்கலாம் என்பதால் இது சுலபமாக அமைந்தது. ஞாயிறு 4.30 முதல் 6, செவ்வாய் 3 முதல் 4.30 என்று ஏழு நாளுக்கும் அந்த நேரத்தைத் தவிர்த்து ஒருமுறை வைத்தோம், அதோடு முடிந்தது. மாதக் கணக்கும் தமிழ் மாதம்தான். ஆடியில் பருத்தி, ஆவணி பிறக்கும் முன்பே முகூர்த்தச் சேலைகள், மார்கழியில் பொங்கலுக்கான வேலை.

இனி நிறுத்தும் விஷயம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் சென்னைக்காரர்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மின்சாரம் இல்லாமல் இருப்பவருக்குப் ‘புது வரவு’ என்று போவது கொடுமை. பஃபரில் வரிசை முழுவதையும் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. கணக்குக்கு ஒன்றாக அழுத்தியதும் எல்லாம் நின்றது, எதுவும் அழியவில்லை. வேர்ட்பிரஸில் அப்படி ஒரே பொத்தான் கிடையாது. குறித்தவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வரைவுக்கு மாற்ற வேண்டும். தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலைதான், ஆனால் நான் ஊரில் இல்லாவிட்டால்? அதனால் சித்திக்கும் கடையில் இருக்கும் பெண்ணுக்கும் அதைச் செய்து காட்டி, படிகளைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி வெள்ளத்தின்போது சித்தியே நிறுத்தினார்.

குறைகள் என்று பார்த்தால், இன்ஸ்டாகிராமில் தானாக வெளியிட பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்கு வேண்டும். அங்குள்ள பாட்டுகளைச் சேர்த்த ரீல் என்றால், நினைவூட்டல் வந்ததும் நாமே கையால் போட வேண்டும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் இன்னும் கையால்தான் அனுப்புகிறோம். ஒரு பட்டியலில் 256 பேர், அதிலும் நம் எண்ணைச் சேமித்திருப்பவருக்குத்தான் போகும்.

காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பஃபரின் இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகள், கணக்குக்குப் பத்துப் பதிவுகள்வரை வரிசையில் வைக்கலாம். ஒன்று வெளியானதும் ஓர் இடம் காலியாகும். வாரத்துக்கு இரண்டு, மூன்று அறிவிப்பு போடும் கடைக்கு இது தாராளம். அந்தக் காசை நல்ல வெளிச்சத்தில் சேலையைப் படம் எடுக்கச் செலவழிக்கலாம். அறிவிப்பு வெளியான முதல் ஒரு மணி நேரம் யாராவது போனோடு இருக்க வேண்டும். “விலை என்ன”, “பிளவுஸ் துணி உண்டா” என்று கேட்கிறவருக்கு உடனே பதில் போனால்தான் சேலை விற்கும். பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்துக்கு நான் எதையும் குறிப்பதில்லை.